மூடி மறைப்பது மானமாகுமா?



நாம் நாலு பேர் கூடினால் பேச எத்தனையோ விஷயங்கள் உண்டு. சரக்கு விலை ஏறியது, கடை வாடகை கூடியது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, பெர்மிட் புதுப்பிக்க அலைச்சல், பிள்ளைகளின் படிப்பு, ஊரில் கட்டும் வீடு என்று விடிய விடியப் பேசுவோம். ஆனால் ஒரு விஷயம் மட்டும் வந்துவிட்டால் குரல் தாழ்ந்துவிடும். “அதை விடுங்கள், மானப் பிரச்சினை” என்று ஒரு பெரியவர் சொல்லுவார். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். பெண்கள் மீதும், பிள்ளைகள் மீதும், சில சமயம் நம் கடைப் பையன்கள் மீதும் நடக்கும் பாலியல் குற்றமே அந்த விஷயம்.

பேசாமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடுமானால் நாமும் பேசாமல் இருந்துவிடலாம். அப்படிப் போவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண், தன் வாழ்நாளில் கணவன் அல்லது துணைவனால் அடி உதையோ பாலியல் வன்முறையோ, அல்லது பிறரால் பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறாள். நம் குடும்பங்களுக்கு மட்டும் இதில் விலக்கு எழுதித் தரப்படவில்லை. ஆகவே இதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பது எப்படி, நடக்காமல் தடுப்பது எப்படி, சமூகமாக நாம் செய்ய வேண்டியது என்ன என்பனவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் சொல்லைத் திருத்துவோம்

இக்குற்றத்துக்கு நம் வழக்கில் இருந்துவரும் சொற்கள் இரண்டு. ஒன்று கற்பழிப்பு, மற்றொன்று மானபங்கம். முதற்சொல் கற்பு அழிந்தது என்கிறது. இரண்டாவது மானம் பங்கப்பட்டது என்கிறது. யாருடைய கற்பு? யாருடைய மானம்? இரண்டு சொற்களும் நட்டம் முழுவதையும் பாதிக்கப்பட்டவளின் பேரிலேயே எழுதிவிடுகின்றன. செய்தவன் பேரில் ஒரு காசு பற்று இல்லை. கடையில் திருட்டுப் போனால் திருடனை விட்டுவிட்டுக் கடைக்காரருடைய பெயரையா குற்றவாளி என்று எழுதுவோம்? இவ்விஷயத்தில் மட்டும் கணக்கைத் தலைகீழாக எழுதி வருகிறோம்.

இப்போது ‘பாலியல் வன்முறை’ என்ற சொல் வழக்குக்கு வந்திருக்கிறது. நடந்தது வன்முறை, அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்பதை அச்சொல் காட்டுகிறது. இதில் மானம் போனவன் என்று ஒருவன் இருந்தால் அவன் செய்தவனே. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை யாவும் எளிதாகிவிடும்.

2. நம்மிடையே உள்ள தவறான எண்ணங்கள்

“முன்பின் தெரியாதவன்தான் இப்படிச் செய்வான்” என்பது ஒன்று. பெரும்பாலான குற்றங்களைச் செய்பவர்கள் தெரிந்தவர்களே. உறவினர், அண்டைவீட்டார், பாடம் சொல்லிக்கொடுப்பவர், மேஸ்திரி, முதலாளி என்று நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருப்பவர்களே. நம்பிக்கையே அவர்களுக்குச் சாவி.

“உண்மையானால் கத்தியிருக்க வேண்டாமா?” என்பது இரண்டாவது. பேரச்சம் வரும்போது ஓடுவதும் எதிர்ப்பதும் போலவே உறைந்து நின்றுவிடுவதும் உடம்பின் இயல்பு. நாக்கு எழாது, கைகால் அசையாது. இதை மருத்துவர்கள் நன்கு அறிவர். கத்தாமல் இருந்தது சம்மதம் ஆகாது.

“இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் சொல்ல வேண்டும்?” என்பது மூன்றாவது. சிறுவயதில் நடந்ததைப் பல ஆண்டு கழித்துச் சொல்பவர்கள் அநேகர். சொன்னால் நம்பமாட்டார்கள், அடிப்பார்கள், வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமே வாயைக் கட்டுகிறது. அவர்கள் ஏன் பிந்தினார்கள் என்று கேட்குமுன், சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

3. யூசுப் நபியின் வரலாற்றில் ஒரு பாடம்

மதரஸாவில் ஓதிய காலம் முதல் நாம் யூசுப் நபி (அலை) அவர்களின் சரித்திரத்தைக் கேட்டு வருகிறோம். அவர்களுடைய அழகையும் பொறுமையையும் பற்றியே பயான்களில் அதிகம் கேட்டிருப்போம். இன்று வேறொரு கண்கொண்டு அதைப் பார்ப்போம்.

அவர்கள் விலைக்கு வாங்கப்பட்டு, அந்நிய நாட்டில் ஒரு பெரிய வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவ்வீட்டின் எஜமானியே கதவுகளைத் தாளிட்டு அவர்களை நெருக்கினாள். மறுத்து வாசலை நோக்கி ஓடிய அவர்கள் மீதே பழியும் சுமத்தினாள். அப்போது அவளுடைய குடும்பத்தார் ஒருவரே, சட்டை முன்புறம் கிழிந்திருக்கிறதா பின்புறம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பின்புறம் கிழிந்திருந்தது. உண்மை விளங்கியது. ஆனால் வீட்டுக்காரர் செய்தது என்ன? யூசுப் நபியிடம் இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடச் சொன்னார். மனைவியிடம் பாவமன்னிப்புத் தேடச் சொன்னார். அத்துடன் மூடிவிடப் பார்த்தார். மூடியது நிலைக்கவில்லை. பேச்சு ஊரெல்லாம் பரவியது. கடைசியில் சிறைக்குப் போனது குற்றமற்றவர். பல ஆண்டு கழித்து அரசர் விடுவித்து அழைத்தபோதும், அந்த விவகாரத்தை முதலில் விசாரியுங்கள் என்று சொல்லி அவர்கள் வர மறுத்தார்கள். விசாரித்தபின் அந்த எஜமானி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள்.

இதிலிருந்து நாம் கற்பது நான்கு. பாதிக்கப்படுபவர் ஆணாகவும் இருக்கலாம், வேலைக்காரராகவும் இருக்கலாம். குற்றத்துக்குப் பின்னால் இருப்பது அதிகாரம். கிழிந்த சட்டை போன்ற தடயத்தைப் பாதுகாப்பது அவசியம். நான்காவது, விசாரணை என்பது இருதரப்புக்கும் நன்மை. “பொய்யாகப் பழி போட்டால் என்ன செய்வது?” என்று சிலர் கேட்பர். பொய்ப்பழிக்கும் மருந்து விசாரணைதான், மூடி மறைப்பதல்ல.

இன்னும் சிலர், “நாலு சாட்சி எங்கே?” என்பர். விபசாரம் என்று பிறர் மீது குற்றஞ்சாட்டித் தண்டனை கோருபவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை அது. பெண்கள் மீது அவதூறு பரவாமல் காக்க வந்த வேலி. காக்க வந்த வேலியை எடுத்து, அநீதி இழைக்கப்பட்டவள் அழுதுகொண்டு வரும் வாசலில் நட்டுவைப்பது நியாயமாகுமா? தொழுகைக்குப் புறப்பட்ட வழியில் ஒருவனால் கெடுக்கப்பட்ட பெண் வந்து முறையிட்டபோது, அவள் மீது குற்றமில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

4. நாம் செய்யும் ‘பைசல்’

நிற்க. நம்மிடையே இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்கிறோம்? நாலு பெரியவர்களைக் கூட்டிப் பைசல் செய்கிறோம். அந்தப் பைசல் பெரும்பாலும் மூன்று விதம்.

ஒன்று, பணம் கொடுத்து வாயை அடைப்பது. இரண்டு, செய்தவனை அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்புவது. அங்கே அவனை அறியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அழுகிய சரக்கைத் தெரிந்தே அடுத்த கடைக்காரருக்கு அனுப்பி வைப்பதற்கும் இதற்கும் பேதம் இல்லை. மூன்று, கெடுத்தவனுக்கே அப்பெண்ணை நிக்காஹ் செய்து வைப்பது. கொள்ளையடித்தவனிடமே கடையைக் குத்தகைக்கு விடுவது போன்றது இது. அவளுக்கு அது விவாகமன்று, ஆயுள் தண்டனை.

மூன்றாவது பைசல் சட்டத்தின் முன்னும் செல்லாது. மலேசியச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்த பெண்ணின் சம்மதம் சம்மதமே ஆகாது. 2013ஆம் ஆண்டு சபாவில் ஒருவன் இவ்வாறு கெடுத்த சிறுமியையே பின்னர் மணமுடித்துக்கொண்டான். 2014 ஜனவரியில் கோத்தா கினபாலு நீதிமன்றம் அவனுக்கு 12 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதித்தது. மணம் அவனைக் காப்பாற்றவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில், மூடி மறைப்பவருக்கும் தண்டனை உண்டு. 2017 ஜூலையில் அமலுக்கு வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எதிராக இக்குற்றம் நடந்ததை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவிக்காவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். இச்சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பேதம் பார்ப்பதில்லை. பிள்ளையின் சாட்சியத்தை வேறு ஆதாரம் இல்லாமலே ஏற்றுத் தண்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. பெற்றோர், ஆசிரியர் போன்று நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவன் செய்தால் கூடுதல் தண்டனையும் உண்டு. ஆகவே பைசல் பேச உட்காரும் பெரியவர், தாம் சமாதானம் செய்வதாக எண்ணிக்கொண்டு சட்டப்படி ஒரு குற்றத்தில் கால் வைக்கிறார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

5. நம் கடைகளில் செய்ய வேண்டியவை

நாம் முதலாளிகள். நம்மிடம் வேலை செய்பவர் நமக்கு அமானத். பகலில் கல்லாவில் நிற்கும் பெண்ணும், இரவு கடை மாடியில் படுக்கும் பையனும் நம் பொறுப்பு.

தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லை பற்றிய பகுதி 2012இல் சேர்க்கப்பட்டது. சொல்லாலோ, சைகையாலோ, படத்தாலோ, உடலாலோ, வேறு வகையிலோ வேலை தொடர்பாக ஒருவர் மனம் புண்படும்படி அல்லது தாழ்வுறும்படி நடத்தும் பாலியல் நடத்தை யாவும் அதில் அடங்கும். தொட்டால்தான் குற்றம் என்று எண்ண வேண்டாம். கைப்பேசியில் ஆபாசப் படம் காட்டுவதும் குற்றமே. புகார் வாயால் சொன்னாலும் போதும். எழுதித் தர வேண்டும் என்பதில்லை. முதலாளி அதை விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கடமை தவறினால் முன்பு 10,000 வெள்ளி வரை இருந்த அபராதம், 2023 ஜனவரி 1 முதல் 50,000 வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. அதே நாள் முதல், பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பு ஒன்றை எல்லோர் கண்ணிலும் படும்படி வேலையிடத்தில் ஒட்டி வைப்பதும் கட்டாயம். விலைப்பட்டியல் தொங்கும் சுவரில் இதற்கும் ஓர் இடம் வேண்டும். தமிழிலும், மலாயிலும், நம் ஊழியர் படிக்கும் மற்ற மொழியிலும் இருக்கட்டும்.

“தனி முதலாளியின் பேரிலேயே புகார் என்றால்?” அதற்கும் வழி உண்டு. தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநரே விசாரிப்பார். அது தவிர, 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைக்கென்றே ஒரு நடுவர் மன்றம் அமைந்து, 2024 முதல் இயங்கி வருகிறது. அங்கே வக்கீல் தேவையில்லை. மன்னிப்புக் கேட்கவும், 250,000 வெள்ளி வரை நஷ்டஈடு தரவும் அம்மன்றம் உத்தரவிடலாம்.

இவை சட்டம். சட்டத்துக்கு முன்னே நம் ஏற்பாடு இருக்க வேண்டும். சரக்கு அறையிலும் மாடிப்படியிலும் நல்ல வெளிச்சம் வேண்டும். வயது குறைந்த பையன்களுக்கும் பெரியவர்களுக்கும் படுக்கை வேறு வேறாக இருக்க வேண்டும். இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் பெண் ஊழியருக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும். ஊழியரின் பாஸ்போர்ட்டை நாம் பூட்டி வைப்பது சட்டப்படிக் குற்றம். மேலும், பாஸ்போர்ட் பிறர் பெட்டியில் இருக்கும்போது எந்த ஊழியர் துணிந்து புகார் சொல்வார்? அதை அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

6. பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவை

“பிள்ளைகளிடம் இதைப் போய் எப்படிப் பேசுவது? வெட்கமாக இருக்கிறதே” என்று சகோதரர்கள் கேட்கலாம். நாம் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒளுவும் சுத்தமும் சொல்லிக்கொடுக்கிறோம். அவ்ரத் என்றால் என்ன என்று கற்பிக்கிறோம். பத்து வயதானால் படுக்கையைப் பிரிக்கிறோம். பருவம் அடைந்தால் குளிப்பு எப்படி என்று ஃபிக்ஹு பாடத்தில் ஒளிவுமறைவின்றி ஓதிக் கொடுக்கிறோம். மார்க்கம் வெட்கப்படாத இடத்தில் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? அந்தப் பாடத்தோடு இன்னும் நான்கு வார்த்தை சேர்த்தால் போதும்:

உன் மறைவிடத்தை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, பிறருடையதைத் தொடும்படியும் சொல்லக் கூடாது. வைத்தியர் பார்ப்பதானால் உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் இருப்பார்கள்.

யாராவது அப்படிச் செய்தால், அவர் மாமாவானாலும் ஹஜ்ரத்தானாலும், “வேண்டாம்” என்று சொல்லி அவ்விடத்தைவிட்டு வந்துவிடு.

“யாரிடமும் சொல்லாதே” என்று பெரியவர் சொல்லும் இரகசியம் நல்ல இரகசியம் அல்ல. வந்து எங்களிடம் சொல்.

நீ சொன்னால் நாங்கள் நம்புவோம். உன்னைக் கோபிக்க மாட்டோம்.

இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். பினாங்கில் 1985 முதல் இயங்கிவரும் ‘உமன்ஸ் சென்டர் ஃபார் சேஞ்ச்’ என்னும் மாதர் அமைப்பு, சிறுவர்களுக்கான உடல் பாதுகாப்புப் பாடத்தை ‘ஓக்கே தாக் ஓக்கே’ என்ற பெயரில் நடத்தி வருகிறது. நம் மதரஸாக்கள் இத்தகையோரை அழைத்துக் கேட்பதில் குறைவொன்றும் இல்லை. மதரஸா நிர்வாகிகள் இரண்டு விதிகளை வைத்துக்கொள்ளலாம். பாடம் நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் மட்டும் தனித்திருக்கக் கூடாது. நல்ல உஸ்தாதுக்கு இவ்விதி பாதுகாப்பு. கெட்ட எண்ணம் உள்ளவனுக்குத்தான் இடைஞ்சல்.

ஆண் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடமும் வேண்டும். பெண் மறுத்தால் அது மறுப்புத்தான் என்பதையும், பிறர் வீட்டுப் பெண்ணின் படத்தைக் கைப்பேசியில் பரப்புவது பாவமும் குற்றமும் என்பதையும் வாப்பாமாரே சொல்ல வேண்டும்.

7. ஒருவர் வந்து சொன்னால்

கீழ்க்கண்டவற்றை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அமைதியாகக் கேட்க வேண்டும். “சொன்னது நல்லது. இது உன் குற்றமல்ல” என்று சொல்ல வேண்டும். ஏன் அங்கே போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. அது நம் வேலையல்ல.

இரண்டாவது, அவர் பத்திரமான இடத்தில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். செய்தவன் அதே வீட்டிலோ கடையிலோ இருந்தால் விலகிப் போக வேண்டியவன் அவனே. அபாயம் இருந்தால் 999க்கு அழைக்க வேண்டும்.

மூன்றாவது, அண்மையில் நடந்ததாயின் குளிக்கவோ உடையைத் துவைக்கவோ வேண்டாம். உடையை மாற்றியிருந்தால் அதைக் காகிதப் பையில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளித்துவிட்டிருந்தாலும் பாதகமில்லை; போகத்தான் வேண்டும்.

நான்காவது, அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, பிறகு மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் பரவிய ‘ஒன் ஸ்டாப்’ நெருக்கடி மையம் அங்கே உண்டு. கூட்டத்தில் காக்க வைக்காமல் தனி அறையில் பார்ப்பார்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடுப்பு மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தால்தான் பயன். ஆதலால் குடும்பத்தார் கூடி ஆலோசிக்கும்வரை காத்திருக்கலாகாது. சிகிச்சைக்கு முதலில் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும் என்று நினைத்துத் தாமதிக்கவும் வேண்டாம்.

ஐந்தாவது, வயது வந்தவரானால் போலீசுக்குப் போவது அவருடைய தீர்மானம். நாம் வற்புறுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாது, துணைக்குப் போகலாம். பிள்ளையானால் தெரிவிப்பது நம் கடமை. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் அரசாங்கத்தின் ‘தாலியான் காசிஹ்’ 15999 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

ஆறாவது, அவருடைய பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது. மறைக்க வேண்டியது குற்றத்தையல்ல, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை. இவ்விரண்டையும் நாம் மாற்றிச் செய்து வருகிறோம்.

8. சங்கமும் ஜமாஅத்தும்

மேலே சொன்ன சட்டங்களும் மையங்களும் தாமாக வந்தவை அல்ல. 1985 மார்ச்சில் மாதர் அமைப்புகள் ஒன்றுகூடிப் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிக் குரல் எழுப்பின. 1989இல் சட்டம் திருத்தப்பட்டு, பாதிக்கப்பட்டவளின் பழைய வாழ்க்கையைக் கிளறி நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. பாலியல் தொல்லைக்குத் தனிச் சட்டம் 2022இல்தான் வந்தது. இதற்காக ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்தும் கூட்டம் நடத்தியும் பாடுபட்டவர்கள் உண்டு. நாம் செய்யக்கூடியது என்ன?

சங்கத்தில் விஷயமறிந்த பெண்கள் இருவர் மூவரை இதற்கென நியமிக்கலாம். ஆணிடம் சொல்லக் கூசுபவர் அவர்களிடம் சொல்லுவார். வழக்கு நாளில் நீதிமன்றத்துக்கு உடன் செல்ல ஆள் தரலாம். வழக்கு மாதக்கணக்கில் நீளும். போகவர வண்டிச் செலவும், வேலை இழந்தவருக்கு வேறு கடையில் வேலையும் நாம் கொடுக்கலாம். சம்பளம் பிடிக்காமல் விடுப்புத் தரலாம். குத்பாவில் இதைப் பேசும்படி இமாமைக் கேட்டுக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவரை நிர்வாகக் குழுவின் முன் நிறுத்தி விசாரிக்காமல் இருக்கலாம். தெரிந்தவர், நன்கொடை தந்தவர் என்பதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நன்னடத்தைக் கடிதம் எழுதிக் கொடுக்காமலும் இருக்கலாம்.

வியாபாரத்தில் வராக்கடனை மறைத்து இலாபம் காட்டுபவன் ஒருநாள் முழுக் கடையையும் இழப்பான் என்று நாம் அறிவோம். குற்றத்தை மறைத்து மானம் காட்டும் குடும்பத்தின் கணக்கும் அவ்வாறே முடியும். நாளை ஒரு பெண்ணோ, ஒரு பிள்ளையோ, ஒரு கடைப் பையனோ நம் முன்னால் வந்து நின்று, சொல்லவும் முடியாமல் போகவும் முடியாமல் தயங்கினால், கல்லாவை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கதவருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, “சொல், கேட்கிறோம்” என்போமாக. அதற்கு வேண்டிய உறுதியை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக.